தம்பிக்கு ஆள் பார்த்த கதை

எங்கள் அம்மா பெற்றது இரண்டே பெண்கள். தம்பி என்று எங்களுக்கு யாரும் கிடையாது. ஆனால் என் அக்கா குடியிருக்கும் தெருவுக்குள் நான் நுழைந்தால் போதும், யாராவது ஒருத்தர் வாசலில் நின்றுகொண்டு, "உங்க தம்பி காலையிலேர்ந்து கனைச்சிக்கிட்டே இருக்கான், என்னான்னு போய்ப் பாருங்க" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன். அது குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, தலையைத் தூக்கினால் என்னைவிட ஒரு முழம் உயரம். அதைத் தம்பி என்று கூப்பிடுபவள் என் கூடப்பிறந்தவள். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அக்காவுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. புகார் போன் எடுப்பவள். காலையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாலைவரை திட்டு வாங்குவதுதான் உத்தியோகம். "இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடும் சார்" என்று சொல்லும்படி மேலிடத்தில் உத்தரவு. சொல்வாள். வராது என்று அவளுக்கும் தெரியும், எதிர்முனையில் கத்துகிறவருக்கும் தெரியும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அப்பா விட்டுப்போன வீடு அவளுக்கு, அப்பா விட்டுப்போன ஜெராக்ஸ் கடை எனக்கு. அந்த வீட்டில் கார் நிறுத்த ஒரு கொட்டகை உண்டு. கார்தான் கடைசிவரை வரவில்லை.

அவள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு குதிரையேற்றப் பள்ளி இருந்தது. அதை இழுத்து மூடியபோது எல்லாக் குதிரைகளும் விலை போய், இது ஒன்று மட்டும் மிஞ்சியது. அறிமுகம் இல்லாதவர் கிட்டே போனால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பல்லைக் காட்டுமாம். இதை யார் வாங்குவார்கள்? என் அக்கா வாங்குவாள். ஒரு சாயங்காலம் கடையில் நான் லேமினேஷன் போட்டுக்கொண்டிருக்கும்போது கயிற்றைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்று, "சின்னவளே, யாரு வந்திருக்கான்னு பாரு" என்றாள். தாள் மெஷினுக்குள் சிக்கிக் கருகியது. வாடிக்கையாளர் என்னைத் திட்டினார். அன்று ஆரம்பித்தது என் தலைவலி.

சரி, வாங்கியாயிற்று, ஏறிச் சவாரியாவது போனாளா? அதுவும் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பாள். அது பின்னாலேயே வரும். ஒரு மனுஷி அத்தனை பெரிய குதிரையை வைத்துக்கொண்டு கால்நடையாகவே காய்கறி வாங்கப் போவதை எங்கேயாவது கண்டதுண்டா? அதிகாலையில் எழுந்து முதல் வேலையாகச் சாணத்தைப் பார்ப்பாள். சரியாகப் போட்டிருந்தால் அவள் முகம் மலரும். போடவில்லை என்றால் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கவேண்டுமாம். குதிரைக்கு வாந்தி எடுக்க வராதாம், அதனால் வயிற்றில் எது சிக்கினாலும் ஆபத்தாம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு போன் போட்டு விசாரித்ததோடு சரி. அதற்கு மட்டும் வயிற்றில் காது வைத்துக் கேட்கிறாள்!

"இதனால உனக்கு என்னதான் பிரயோசனம்?" என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டுபோனது. சிரிப்பாளே தவிர பதில் சொல்ல மாட்டாள்.

அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தண்ணீர் வாளி தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். வைக்கோல் கட்டை இழுக்கும்போது உதட்டைக் கடித்தாள். பிறகு ஒருநாள் என் கடைப் படி ஏறும்போது இடது பாதம் படியில் இடறியது. அடுத்த படியிலும் இடறியது. செருப்பு கழன்று விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. இழுத்துக்கொண்டு போனேன் மருத்துவரிடம்.

ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி மருத்துவர் காட்டினார். "முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற வட்டு, டிஸ்க்னு சொல்வோமே, அது பிதுங்கி நரம்பை நசுக்குது. அதான் பாதம் தொங்குது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணினா கால் திரும்பி வரும். தள்ளிப் போட்டா நரம்பு செத்துடும். அப்புறம் நான் என்ன பண்ணினாலும் காலை இழுத்துக்கிட்டேதான் நடக்கணும்."

"ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை நாள்ல வாளி தூக்கலாம் டாக்டர்?" என்று கேட்டாள் என் அக்கா.

"என்ன வாளி?"

நான் இடையில் புகுந்து குதிரை விஷயத்தைச் சொன்னேன். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அம்மா, இனிமே வாளியும் கிடையாது, குதிரையும் கிடையாது. அது ஒரு இழுப்பு இழுத்தா நான் போடற தையல் எல்லாம் வீண்."

அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் வந்து, "நல்ல இடமாப் பாத்துக் கொடுத்துடறேன். கொடுத்த பிறகுதான் ஆபரேஷன்" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் குரலைக் கேட்டாலே அது காதை மடிக்கும். கூலிக்கு ஒரு ஆள் வைத்துப் பார்த்தோம். அவன் விளக்குமாற்றால் அதன் மூஞ்சியில் ஒன்று போட்டதைக் கண்டு, காலை இழுத்துக்கொண்டே அவனைத் தெருமுனைவரை துரத்திவிட்டு வந்தாள் அக்கா. ஆக, விற்பதைத் தவிர வேறு வழியில்லை. நானே போட்டோ எடுத்து, நானே நோட்டீஸ் அடித்து, என் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். கலர் பிரிண்ட், அதுவும் ஓசியில்.

ஆள் வராமல் இல்லை, வந்தார்கள். பிரச்சினை என் அக்கா. வருகிறவர்களிடம் அவள் விலையே பேசவில்லை. குதிரை நிற்கும் கொட்டகையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, வேலைக்கு ஆள் எடுப்பவள் மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "குதிரை வச்சிக்கிறதுல உங்களுக்கு எது பெருசு?"

முதலில் வந்தவர் ஓட்டல் முதலாளி. ஏற்கனவே இரண்டு குதிரை வைத்திருக்கிறார். கேள்வியைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தினார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! வாசல்ல குதிரை நின்னா அந்த இடத்துக்கே ஒரு களை. கார் யார் வேணா வாங்கலாம். குதிரை கட்டி வச்சிருக்கான்னா அது தனி மரியாதை. வர்றவன் போறவன் எல்லாம் நின்னு பாப்பான்."

"யோசிச்சு சொல்றேன் சார்" என்று அனுப்பிவைத்தாள்.

"ஏன், அவருக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

"வயசாகி எலும்பு தெரிஞ்சா களை போயிடும். அப்ப என்ன பண்ணுவாரு? எதுக்காக வச்சிக்கிறாங்களோ அது இல்லாமப் போனா வெளியே தள்ளிடுவாங்கடி. அதான் கேக்கறேன்."

அடுத்து வந்தவர் சவாரி வாத்தியார். ஒல்லியாக, முழங்கால்வரை பூட்ஸ். குதிரையைச் சுற்றிவந்து பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எனக்கே நம்பிக்கை வந்தது. இவர் படித்தவர், தெரிந்தவர், கேள்விக்கும் நன்றாகத்தான் பதில் சொன்னார். "இவ்வளவு பெரிய மிருகம் மேடம். நினைச்சா என்னைத் தூக்கி அந்தச் சுவர்ல அடிக்கலாம். ஆனா என் சுண்டு விரல் அசைஞ்சா நிக்கும், அசைஞ்சா ஓடும். அந்தச் சுகம் இருக்கே, அதை அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்."

"அசைஞ்சும் நிக்கலைன்னா?" என்றாள் அக்கா.

"நிக்க வைப்பேன்" என்று சிரித்தார்.

அவரும் போனார். எனக்கு மண்டை காய்ந்தது. இதற்குள் அவள் இடது பாதத்தில் சுரணை இல்லாத இடம் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. நான் ஊக்கால் குத்திப் பார்ப்பேன், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குத்தியதே தெரியாது. "நொண்டியா நிக்கப்போறே, அப்ப இந்தக் குதிரை வந்து உனக்கு ஊன்றுகோல் பிடிக்குமா?" என்று கத்துவேன். கொட்டகையிலிருந்து அது ஒரு உதை உதைக்கும், தகரம் அதிரும். "கத்தாதேடி, அவனுக்குப் பிடிக்காது" என்பாள். என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவதாக வங்கி அதிகாரி ஒரு அம்மாள் வந்தார். ரொம்ப மென்மையானவர், கையில் கேரட் கொண்டுவந்திருந்தார். குதிரைகூடக் காதை மடிக்கவில்லை. அடடா, முடிந்தது விஷயம் என்று நான் மனசுக்குள் கைகூப்பினேன். கேள்வி வந்தது. அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முன்ன என்கிட்ட ஒரு குதிரை இருந்துச்சு. மனசுல இருக்கிறதை எல்லாம் அதுகிட்டதான் கொட்டுவேன். ஆபீஸ் சண்டை, வீட்டுச் சண்டை, எல்லாம். அது பேசாம நின்னு கேட்டுக்கும். மனுஷங்க கேக்க மாட்டாங்களே. எனக்கு அதுதான் பெருசு."

என் அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், தெருமுனைவரை கூடப் போய் வழியனுப்பினாள். திரும்பிவந்து, "சரிப்படாது" என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏய், உனக்கு என்ன பைத்தியமா? அந்த அம்மா அழுதாங்கடி!"

"நாள் பூரா என் காதுல வந்து கொட்டறாங்க. அந்தப் பாடு எனக்குத் தெரியும். அவனையும் ஏன் புகார் போன்ல உக்கார வைக்கணும்?"

"அது குதிரை! அதுக்கு ஒரு எழவும் புரியாது!"

"வார்த்தை புரியாது. கொட்டறது புரியும்."

நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருக்கவும் முடியவில்லை. என் வீட்டுக்காரர், "நீ போகலைன்னா நான் போறேன், இந்த மூஞ்சியை என்னால தினமும் பாக்க முடியல" என்றார். அதனால் ஒரு காலை, கடை திறப்பதற்கு முன்பு, அவளுக்குச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போனேன். வாசற்கதவு திறந்திருந்தது. வீட்டில் ஆள் இல்லை. கொட்டகைக்குப் போனேன்.

அக்கா குதிரையின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து கிடந்தாள்.

தினமும் அதன் குளம்பைத் தூக்கி, இடுக்கில் சிக்கிய கல்லையும் சாணத்தையும் ஒரு கொக்கியால் சுரண்டி எடுப்பாள். பின்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துச் சுரண்டும்போது அவளுடைய கால் மடங்கிவிட்டது. விழுந்தவள் சுவருக்கும் குதிரைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டாள். அவள் நெஞ்சுக்கு நேர் மேலே அந்தப் பின்னங்கால், லாடம் அடித்த குளம்போடு, தூக்கியபடியே நின்றது. மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது அந்த மிருகம். அதன் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன்.

"கத்தாதே" என்றாள் அக்கா, கிசுகிசுப்பாக. "கத்தினா மிரளும். மிரண்டா காலை என்மேலதான் வைக்கும். முன்பக்கமா வா, அவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி. தலைக்கயித்தைப் பிடிச்சுக்கோ. பேசு."

"என்ன பேசறது?" என்றேன் நானும் கிசுகிசுப்பாக.

"எதையாவது பேசு. உனக்குத் திட்டத்தானே வரும், திட்டு. ஆனா மெதுவாத் திட்டு."

திட்டினேன். என் ஆயுளில் அப்படி ஒரு திட்டு திட்டியதில்லை. குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில், கழுத்தைத் தடவிக்கொண்டே, "டேய் பாவி, டேய் தடிமாடு, எங்க அக்கா வாழ்க்கையைத் தின்னுட்டியேடா, என் லேமினேஷன் மெஷினைக் கெடுத்தியேடா, உன்னால என் ரத்தம் கொதிச்சுக் கொதிச்சுப் பாதியாப் போச்சேடா, காலைக் கீழ வச்சேன்னா தொலைச்சிடுவேன்டா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதன் காது முதலில் பின்னால் மடிந்தது, பிறகு என் பக்கம் திரும்பியது. கீழே அக்கா முழங்கையை ஊன்றி அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். உடம்பு வெளியே வந்தது. அந்தச் செத்த கால் மட்டும் வரவில்லை. கையால் பிடித்து அதையும் இழுத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் குதிரை காலைக் கீழே வைத்தது. தெரிந்து வைத்ததா, அதற்குமேல் தாங்காமல் வைத்ததா, எனக்குத் தெரியாது. நானும் அவள் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கத்தினேன். தெருவே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அன்றே மருத்துவரிடம் போனோம். "இந்த வாரம்" என்றார். "இல்லைன்னா என்கிட்ட வராதீங்க." அக்கா தலையை ஆட்டினாள். முதல் தடவையாக அவள் முகத்தில் பயம் தெரிந்தது. அது காலுக்கான பயமா குதிரைக்கான பயமா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் கடைக்கு ஒரு அம்மாள் ஏதோ பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். செடி விற்கிறவர், நகத்தில் மண். நோட்டீசைப் பார்த்துவிட்டு, "இந்தக் குதிரை இன்னும் இருக்கா?" என்றார். மண் வண்டி இழுக்க அவரிடம் இரண்டு குதிரைகள் இருந்தனவாம். ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று துணையில்லாமல் தீனி எடுக்காமல் ஏங்குகிறதாம். கடையைப் பாதியில் மூடிவிட்டு அவரைக் கையோடு கூட்டிப்போனேன்.

செடிக்காரம்மா கொட்டகைக்குள் நுழைந்ததும் நாற்காலியைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த சாணத்தைச் செருப்பு நுனியால் உடைத்துப் பார்த்தார். வைக்கோலை எடுத்து முகர்ந்தார். வாளிக்குள் கை விட்டார். பிறகு ஆரம்பித்தார். "ஏம்மா, பின்னங்கால் லாடம் ஒரு பக்கமாத் தேஞ்சு கிடக்கு, கண்ணை எங்க வச்சிருக்கீங்க? தண்ணித் தொட்டியில பாசி. கொசு இந்த மொய் மொய்க்குது, ஒரு சாக்குத் திரை கட்டக் கூடாதா?"

எனக்கு மனசு குளிர்ந்துபோனது. என் அக்காவை இன்னொருத்தர் திட்டிக் கேட்க எத்தனை வருஷத் தவம்! அவளோ, "இடுப்பு முடியலைம்மா, அதான்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாள். நின்றவள், கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டும்விட்டாள்.

"பெருசா?" செடிக்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்னத்தைப் பெருசு? தொல்லைதான். மழைன்னு பாக்க முடியாது, காய்ச்சல்னு படுக்க முடியாது. காலையில கதவைத் திறக்கும்போது நாலு காலுலயும் நிக்குதா, அது போதும். நின்னுச்சுன்னா அன்னிக்கு எனக்கு நாள் நல்லாப் போகும். வேற என்ன இருக்கு?"

அக்கா நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "லாரி எப்ப கொண்டுவருவீங்க?" என்றாள்.

அந்த அம்மாள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை பேரைத் திருப்பியனுப்பியவள், ஒரு பதிலே சொல்லாதவரிடம் தலையாட்டினால் எனக்குக் கோபம் வராதா?

"தனக்குன்னு எதுவும் கேக்கலையே அவங்க. அது நின்னாப் போதும்னாங்க" என்றாள்.

"ஊரையே கேட்டியே, உன்னை யாராவது கேட்டாங்களா? உனக்கு என்ன பெருசு, சொல்லு. நானும் இத்தனை வருஷமாக் கேக்கறேன்."

சாயங்கால வெளிச்சத்தில் அது வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அதையே பார்த்தாள். "நானும் எனக்காகத்தான்டி வச்சிருந்தேன். ஓட்டல்காரரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. நாள் பூரா போன்ல ‘வந்துடும் சார், வந்துடும்மா’ன்னு சொல்றேன். ஒருத்தர் நம்பறதில்ல. நம்பவும் கூடாது, நான் சொல்றது பொய். வீட்டுக்கு வந்து இவன்கிட்ட ‘வா’ன்னு சொன்னா வர்றான். பாலம், ரயில் கேட், பட்டாசு, எதுவா இருந்தாலும். எங்கேன்னு கேக்கறதில்ல. நான் சொன்னதை நம்ப உலகத்துல ஒருத்தன் இருக்கான். அதான்."

அதற்காகவா காலைக் கொடுக்கப் பார்த்தாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. நான் உன்னை நம்ப மாட்டேனா என்றும் கேட்கவில்லை. அது என்னை உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் லாரி வந்தது. செடி ஏற்றுகிற லாரி. பின்கதவைத் திறந்து ஒரு சாய்வுப் பலகையைப் போட்டார்கள். குதிரை அதன் அருகில் போய் முகர்ந்தது. உள்ளே இருட்டு, காலை வைத்தால் பலகை டம்மென்று அதிர்ந்தது. அவ்வளவுதான், முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் முன்னால் இழுத்தார், இரண்டு ஆள் பின்னால் தள்ளினார்கள். கேரட் காட்டினார்கள். கண்ணைத் துணியால் கட்டினார்கள், தலையை உதறித் துணியை எறிந்தது. நான் என் பங்குக்கு மெதுவாகத் திட்டிப் பார்த்தேன். தெருவில் பாதி சனம் யோசனை சொன்னது. வெயில் ஏறியது. எல்லாருக்கும் சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

செடிக்காரம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடிச்சு ஏத்தினா நாளைக்கு எனக்கும் அடங்காது. நான் அப்படி ஏத்திக்கிட்டுப் போக மாட்டேன்" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "உங்களாலதான் ஆகும். முடியுமா?" என்றார்.

"முடியாது!" என்றேன் நான். "நாளைக்கு ஆபரேஷன்! பலகையில வழுக்கினா யார் பதில் சொல்றது?"

அக்கா அந்த வாரம்தான் ஊன்ற ஆரம்பித்திருந்த கைத்தடியை என்னிடம் நீட்டினாள். டிரைவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். இழுக்கவில்லை. தொங்கவிட்டாள். குதிரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "வா" என்றாள். பலகையில் ஏற ஆரம்பித்தாள். இடது பாதம் பலகையைத் தேய்த்துக்கொண்டு போனது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரை கழுத்தை நீட்டி அவள் முதுகை முகர்ந்தது. பிறகு ஒரு காலை எடுத்து வைத்தது. பலகை அதிர்ந்தது, ஆனாலும் குதிரை நிற்கவில்லை. அடுத்த கால். அப்படியே அவள் பின்னால் இருட்டுக்குள் போய்விட்டது. தெருவில் யாரோ கைதட்டினார்கள். அவர்களை அறைய வேண்டும் போலிருந்தது.

உள்ளே கயிற்றைக் கட்டிவிட்டுப் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவு வழியாக அவள் இறங்க வந்தாள். உள்ளே அது காலால் தட்டியது. டிரைவர், "இதோ வந்துடறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்கம்மா, அமைதியா நிக்கும்" என்றார்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா.

நான் அவள் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். முழு பாரத்தையும் என்மேல் போட்டாள். லாரி கிளம்பியது. முனை திரும்பும்வரை உள்ளே கனைப்பு கேட்டது. "மெதுவாப் போய்யா! உள்ள உயிர் இருக்கு, செடி இல்ல!" என்று அந்த டிரைவரைப் பார்த்துக் கத்தியவள் நான்தான். இத்தனை வருஷமாக அது ஒழிந்தால் போதும் என்று நின்றவள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் மருத்துவர் போர்வையை விலக்கி, "இடது கட்டை விரலை மேல தூக்குங்க" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த விரல், மேல்பக்கமாக, லேசாக எழும்பியது. இன்னொரு தடவை எழும்பியது. "நரம்பு உயிரோடதான் இருக்கு. நடந்துடுவாங்க" என்றார் மருத்துவர். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் ஓடிவந்து, "இது ஆஸ்பத்திரியா சந்தையா?" என்று அதட்டினார். அதட்டட்டும். அவர் கையையும் பிடித்துக் குலுக்கினேன்.

எல்லாரும் போன பிறகும் அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏறாதுன்னு நினைச்சேன்டி" என்றாள்.

"எது?"

"தம்பி. அத்தனை பேர் இழுத்தும் வரல இல்ல. நான் கூப்பிட்டாலும் வராது, அடம் பிடிக்கும், அந்தம்மாவும் வேணாம்னு திரும்பிப் போயிடுவாங்க, அப்புறம் பாத்துக்கலாம்னுதான் கயித்தை வாங்கினேன். கால் போனாப் போகட்டும்னு இருந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கயிறு இறுகவே இல்லைடி. ‘வா’ன்னேன். வந்துட்டான்."

அவளைத் திட்ட என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். அன்று தேடியும் கிடைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு நானும் அழுதேன்.